குழாயின் அடியில் எழுதிய எண்

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்புப் பேனா கிடக்கிறது. மை காய்ந்து பல வருஷமாகிவிட்டது. மூடியைத் திறந்தால் இன்னும் லேசாக ஸ்பிரிட் வாசம் வருகிறது, அல்லது வருவதாக எனக்குத் தோன்றுகிறது. வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மனைவி அதைக் குப்பையில் போடப் பார்ப்பாள். "எழுதாத பேனாவ வச்சுக்கிட்டு என்னதான் செய்யப் போறீங்களோ" என்பாள். நான் வாங்கித் திரும்பவும் உள்ளே வைத்துவிடுவேன். குளிரில் வைத்த இரத்தப் பரிசோதனைக் குழாயின் மேல் எழுதினாலும் அழியாத பேனா அது. ஈரத்தில் கரையாது, தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அதை எனக்குத் தந்தவர் டொக்டர் அம்மா. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை இந்த இருபது வருஷத்தில் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அப்போது நான் அக்கரப்பத்தனையிலிருந்து டயகமைக்குப் போகிற பாதையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சரி உதவியாளன். மேலே ஒரு வைத்திய உத்தியோகத்தர் இருந்தார். மூன்று தோட்டங்களுக்கு அவர் ஒருவர்தான் என்பதால் எங்களிடம் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதும், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட விரலுக்குக் கட்டுப் போடுவதும், பிள்ளை பெறப்போகிறவளுக்கு லொறி கேட்டு ஒஃபிஸுக்கு ஓடுவதும் நான்தான். ஆட்கள் என்னை 'மருந்தய்யா' என்றார்கள். அந்த 'அய்யா'வில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததில் அந்த மிதப்புக்கும் பங்கு இருக்கிறது.

டிஸ்பென்சரிக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் நான் தோட்டத்து ஒஃபிஸில் செக்ரோல் எழுதினேன். செக்ரோல் என்பது வேலைக்கு வருகிறவர்களின் பெயர்ப் பதிவு. எங்கள் தோட்டத்தில் ஆளுக்கு இரண்டு பெயர். ஒன்று பெற்றவர்கள் வைத்தது, இன்னொன்று செக்ரோல் எண். வரிசை வீடுகள் கொண்ட ஒரே லயத்தில் நான்கு முத்தம்மாக்கள் இருந்தால் வேறு என்ன செய்வது? காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போதும், பின்னேரம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போதும் கணக்கப்பிள்ளை எண்ணைத்தான் கூப்பிடுவார். பால் குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தன் அம்மாவின் எண் தெரியும். கல்யாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் எண்ணைச் சொல்லி வீட்டை விசாரிப்பார்கள். தோட்டத்தில் யாருடைய எண்ணைச் சொன்னாலும் எனக்கு முகம் தெரியும், குடியிருக்கிற காம்பரா தெரியும், பிள்ளைகள் எத்தனை என்று தெரியும். எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் தெரியும்.

டொக்டர் அம்மா எங்கள் தோட்டத்துக்கு வந்தது இரண்டாயிரமாம் ஆண்டு கடந்து ஒன்றிரண்டு வருஷத்தில். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்குப் படிப்பிக்க வந்த வாத்தியார். டொக்டர் அம்மா ஹட்டனில் பிறந்து, அங்கேயே படித்து, பிறகு வெளிநாடு போனவர். தொண்ணூறுகள் முழுவதும் அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி தேடும் வேலை. இத்தனை படித்தவர் எங்கள் டிஸ்பென்சரியின் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து, பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கதையை எனக்கு ஏன் சொன்னார் என்று தெரியாது. மழை நாட்களில் பெண்கள் வரத் தாமதமாகும். அந்த நேரத்தில் பேசுவார்.

"எட்டு வருஷம் ஒரே ஒரு தடுப்பூசியோட மினக்கெட்டனான் அண்ணை. கடைசியில இது வேலை செய்யாது எண்டு நானே எழுதிக் குடுத்தன்" என்று ஒருநாள் சிரித்தார்.

"கவலையா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லாமல்? ரெண்டு நாள் சாப்பிடேல்லை. ஆனா செய்யாததைச் செய்யுது எண்டு எழுதினால் எத்தினை பேருக்குக் கேடு, யோசிச்சுப் பாருங்கோ."

அந்தக் கிருமி கிழமைக்கு ஒரு சட்டை மாற்றும், அதனால் அதை அடையாளம் பிடிக்க உடம்புக்குச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம் என்று விளக்கினார். அதோடு புதிது புதிதாகக் காய்ச்சல்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் தடுப்பூசி செய்ய வேண்டியிருந்தது. அவர் கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து மலைக்கு வந்தது அதற்காகத்தான். எங்கள் பெண்களின் இரத்தம் இதுவரை எந்தெந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது, எச்.ஐ.வி. உட்பட, என்று இரண்டு வருஷம் பார்க்க வேண்டும். "உங்கட ஆக்களின்ர இரத்தத்தை ஒருத்தரும் பாக்காமல் ஒரு மருந்து செய்தால், அது உங்கட ஆக்களுக்காகச் செய்த மருந்து இல்லை" என்பார். எனக்கு அது முழுதாக விளங்கியதோ இல்லையோ, எங்களையும் ஒரு கணக்கில் எடுக்கிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது.

முதல் கூட்டம் பெரட்டுக் களத்தில் நடந்தது. பெண்கள் கூடையோடு நின்று கேட்டார்கள். அம்மா தன் யாழ்ப்பாணத்துத் தமிழை மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "இரத்தம் எடுக்கிற குழாயில உங்கட பேர் இராது. ஆளுக்கொரு அட்டை தருவன், அதில ஒரு குறியீடு இருக்கும். முடிவு வந்தால் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். புருஷன் கேட்டாலும் சொல்லமாட்டன். தோட்டத் தொரை கேட்டாலும் சொல்லமாட்டன்."

"தலைவர் கேட்டாங்கன்னா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தொழிற்சங்கத் தலைவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"தலைவர் கேட்டால் அவருக்கும் ஒரு ஊசி போடுவன்."

எல்லோரும் சிரித்தார்கள், தலைவரும்தான். கேட்டவள் சிரிக்கவில்லை. கீழே இருந்த பணிய லயத்துப் பெண் அவள். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த புருஷன் காய்ச்சலாக வந்து, இரண்டு மாதம் கிடந்து, செத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. "நெசமாவே யாருக்கும் தெரியாதுங்களா அம்மா?" என்று திரும்பவும் கேட்டாள். அம்மா அவளைப் பார்த்து, "நான் வாக்குத் தாறன்" என்றார். அன்று முதலில் கையை நீட்டியது அவள்தான். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

ஒவ்வொருவரிடமும் இரண்டு குழாய் இரத்தம் எடுப்போம். ஒன்று கொழும்புக்குப் போகும். மற்றது, வழியில் மண் சரிந்து வாகனம் நின்று ஏதாவது கெட்டுப்போனால் உதவும் என்று எங்கள் டிஸ்பென்சரி ஃப்ரிட்ஜில் இருக்கும். குழாய்களை ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. அதற்குத்தான் அந்தப் பேனாவைத் தந்தார். குறியீடு என்றால் இரண்டு ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும். எந்தக் குறியீடு யாருடையது என்பது அவர் பூட்டி வைத்திருந்த நோட்டில் மட்டும் இருந்தது. பெண்களோ அட்டையை அரிசிப் பானைக்குள் வைத்து மறந்துவிடுவார்கள், பிள்ளை கடித்து வைக்கும். இரண்டாம் முறை எடுத்தபோது ஒரு வீட்டு நாத்தனாரும் மதினியும் அட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். செக்ரோலில் ஆறு வருஷம் ஆள் மாறாமல் எழுதியவன் இங்கே வந்து ஆளை மாற்றினான் என்று பேர் வரக்கூடாதே!

ஆகவே ஒரு காரியம் செய்தேன். குறியீட்டு லேபிளுக்குக் கீழே, குழாயின் அடியில், சின்னதாக அவரவர் செக்ரோல் எண்ணையும் எழுதினேன். எனக்கு அது பேரை எழுதுவது மாதிரியே படவில்லை, கை தானாகப் போனது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. கொழும்புக்குப் போகிற குழாய்களில் நான் எழுதவில்லை. எங்கள் ஃப்ரிட்ஜில் தங்குகிறவற்றில்தான் எழுதினேன். கொழும்புக்குப் போனால் அம்மா பார்த்துவிடுவார் என்று தெரியும். தப்பு என்று தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாமல் இருப்பது இந்த ஒரு விஷயத்தால்தான்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, குழாய்களைக் கொண்டுபோகிற வாகனக்காரரிடம் அம்மா ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். இந்தக் குறியீட்டுக் குழாயைத் தனியாக எடுத்து வையுங்கள், திரும்பப் பரிசோதிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை நானே வந்து எடுக்கிறேன் என்று இருந்தது. நான் குழாயை எடுத்தேன். அடியில் என் கையெழுத்தில் எண். எண்ணைப் பார்த்ததும் முகம் வந்தது, முகத்தோடு அந்தக் குழந்தையும் வந்தது. குழாயை ஒரு டின்னுக்குள் நிறுத்தி, டின்னைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டி, ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் வைத்தேன். ஒருவரும் தொடக்கூடாது என்று அக்கறையாகச் செய்ததாக அப்போது நினைப்பு.

மறுநாள் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிற நாள். கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் ஆயா, மருந்தை எடுக்க வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். "என்னாங்க மருந்தய்யா, இது மட்டும் தனியா நிக்குது?" என்று டின்னைத் தூக்கிப் பார்த்தாள்.

"தொடாத! தொடாத, வையி அங்க!" என்று கத்திவிட்டேன்.

நான் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. டின்னை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். சுவரில் எயிட்ஸ் பற்றிய போஸ்டர் ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மருந்தை எடுத்துக்கொண்டு போனாள். குழாயின் அடியில் இருந்த எண்ணை அவள் படித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டிஸ்பென்சரி ஜன்னலிலிருந்து பார்த்தால் மடுவம் தெரியும். அன்று பின்னேரம் கொழுந்து நிறுக்கிற வரிசை நின்றது. கணக்கப்பிள்ளை ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு வந்தார். அவளுடைய எண்ணையும் கூப்பிட்டார். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் கூடையோடு முன்னால் வர, இரண்டு பக்கமும் நின்றவர்கள் தங்கள் கூடைகளை இழுத்துக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லோரும் ஒன்றாக நகர்ந்தார்கள். தராசிலிருந்து அவளுடைய கொழுந்தைப் பொதுச் சாக்கில் கொட்டப் போனபோது பின்னாலிருந்து ஒருத்தி, "அத தனியா கொட்டச் சொல்லுங்க" என்றாள். கணக்கப்பிள்ளை ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தனிச் சாக்கில் கொட்டினார். "ஏங்க? என் கொழுந்துக்கு என்னா?" என்று அவள் கேட்டாள். கணக்கப்பிள்ளை அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

அடுத்த நாள் காலையில் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டிஸ்பென்சரி வாசலில் நின்றாள். மற்றத் தாய்மார் பயப்படுகிறார்கள் என்று ஆயா குழந்தையை எடுக்கவில்லையாம். ஆயாவை நான் குறை சொல்லமாட்டேன். அவள் கையில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள், கண்டதும் என் எழுத்தைத்தான்.

"மருந்தய்யா, எனக்கு என்னாங்க வருத்தம்? என்னா நோய்? தோட்டத்துக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல" என்றாள்.

"எனக்கு ஒன்னும் தெரியாது தங்கச்சி. டொக்டர் அம்மா நாளைக்கு வருவாங்க, அவங்ககிட்ட கேளு."

இதுதான் நான் சொன்ன பதில். சொன்ன கையோடு திரும்பி மாத்திரைப் போத்தல்களை அடுக்கத் தொடங்கினேன், அடுக்கியிருந்த போத்தல்களையே.

வெள்ளிக்கிழமை அம்மா டிஸ்பென்சரிக்கு வருமுன் நேராகப் பணிய லயத்துக்குப் போனார். அந்தக் காம்பராவுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பிறகு என்னிடம் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, டின்னிலிருந்த குழாயை எடுத்துத் திருப்பினார். அடியைப் பார்த்தார். மற்றக் குழாய்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அந்த ஒரு குழாயைத் தேய்த்தார். கறுப்பு கொஞ்சம் பரவியதே தவிர எண் போகவில்லை.

"ஏன் அண்ணை எழுதினீங்கள்?"

"மாறிடுமோன்னு பயந்துதாங்கம்மா..."

"மாறியிருந்தால் என்ன? திருப்பி எடுத்திருக்கலாமே" என்றார். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தலைவர் முன்னால் நின்றார். "நீங்க குடுத்த வாக்கு என்னாங்கம்மா ஆச்சு? உங்களுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்னீங்க. இப்ப அந்தப் புள்ள தண்ணி எடுக்கப் போனா பைப்புக்கிட்ட ஆள் நிக்க மாட்டேங்குறாங்க. யாருங்க வெளியில விட்டது?"

நான் அம்மாவிலிருந்து மூன்று அடி தள்ளி நின்றேன். பேனா என் சட்டைப் பையில் இருந்தது. அம்மா என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் என் வாய் திறந்திருக்குமோ என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அதுவும் அவர் மேலேயே பாரத்தைப் போடுகிற யோசனைதான்.

"வாக்குத் தந்தது நான். அது காப்பாத்தப்படேல்லை. பிழை என்ரதான்" என்றார்.

"அப்ப அவளுக்கு அந்த வருத்தம் இருக்கா, இல்லையா? அதையாவது சொல்லுங்க."

"சொல்லமாட்டன். இருந்தாலும் சொல்லமாட்டன், இல்லாட்டிலும் சொல்லமாட்டன். இண்டைக்கு ஒராளுக்கு 'இல்லை' எண்டு நான் சொன்னால், நாளைக்கு இன்னொராளுக்கு நான் பேசாமல் இருக்கேக்க நீங்கள் 'ஓம்' எண்டு எடுப்பியள். வருத்தம் இருக்கிற ஆள் தொட்ட கொழுந்தாலயோ, தண்ணிப் பைப்பாலயோ இது தொத்தாது. அதை மட்டும் எத்தினை தரம் கேட்டாலும் சொல்லுவன்."

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. யாரோ அட்டையைக் கிழித்து எறிந்தார்கள், பிறகு பலர் எறிந்தார்கள். அம்மா குனிந்து அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அவற்றில் குறியீடு இருந்ததல்லவா! நான் அதற்கும் குனியவில்லை. வேலை போய்விடும், தோட்டம் தந்த வீடு போய்விடும், மகனின் படிப்பு நின்றுவிடும் என்று அப்போது காரணங்கள் வைத்திருந்தேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் என் வாயை அடைத்தது அவை இல்லை. நாளையிலிருந்து என்னை யாரும் 'மருந்தய்யா' என்று கூப்பிடமாட்டார்கள் என்ற பயம்தான்.

ஆராய்ச்சி அதோடு நின்றது. பக்கத்துத் தோட்டங்களிலும் பெண்கள் கை நீட்ட மறுத்துவிட்டார்கள். அம்மாவைக் கொழும்புக்குக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள் என்று வாகனக்காரர் சொன்னார். அங்கேயும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஒரு கடிதமாவது வந்திருக்கும். குளிர்ப்பெட்டிகளை எடுத்துப்போக வந்த கடைசி நாளில் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "வைச்சிருங்கோ" என்றார். பிறகு, "குறியீடு எப்பிடி எழுதிறது எண்டு உங்களுக்கு நான் காட்டினன். இந்தத் தோட்டத்தில ஆளை ஆள் எப்பிடிக் கூப்பிடுவியள் எண்டு உங்களிட்ட நான் கேக்கேல்லை. அது என்ர பிழை" என்றார். எனக்கு இருக்கிற பிழையில் பாதியை வாங்கிக்கொண்டு வாகனத்தில் ஏறினார். அடுத்த மாதம் பணிய லயத்துப் பெண்ணும் குழந்தையோடு உடப்புசல்லாவைப் பக்கம் சொந்தக்காரர்களிடம் போய்விட்டாள். செக்ரோலில் அவள் எண்ணின் மேல் கோடு போட்டார்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஹட்டன் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். நான் பார்க்காதது போல நகரத்தான் நினைத்தேன். அவளாகவே வந்து, "மருந்தய்யா, சொகமா இருக்கீங்களா?" என்றாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் மகள், பஸ் போர்டுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். "எனக்குத்தான் படிப்பு இல்ல. பேப்பர்ல என்னா வந்தாலும் இவ வாசிச்சுக் காட்டுவா" என்று பெருமையாகச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் அது இதென்று பேசினாள். பிறகு அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். "அந்த அம்மா மேல எனக்கு இப்ப கோவம் இல்லீங்க. வாய் தவறி யாருகிட்டயோ சொல்லிட்டாங்க போல. மனுசங்கதானே. அவங்களே அன்னைக்கு ஒத்துக்கிட்டாங்க. நீங்கதான் கடைசி வரைக்கும் என்னயத் தங்கச்சின்னு கூப்பிட்டீங்க, அத நான் மறக்கல."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நுவரெலியா பஸ் வந்து நின்றது, அவள் பையைத் தூக்கினாள், நான் அந்தப் பையை வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "நல்லா இருங்க அய்யா" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

சில வருஷத்துக்கு முன் பெரிய தொற்று வந்து எல்லோருக்கும் தடுப்பூசி போட்டபோது, பேப்பரில் வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்றின் படம் வந்தது. பின் வரிசையில் நரைத்த தலையோடு டொக்டர் அம்மா நின்றார். அந்தக் கிழமைதான் நானும் ஊசிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற கிழவியிடம் தாதி பெயரைக் கேட்க, அவள் பழக்க தோஷத்தில் செக்ரோல் எண்ணைச் சொன்னாள். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன்.

இன்று காலை பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை. அதனால் வேறு பேனாவில் இதை எழுதிப் பேப்பருக்கு அனுப்புகிறேன். பஸ் போர்டுகளை வாசித்த அந்தப் பிள்ளை இப்போது பெரியவளாகியிருப்பாள். இது அவள் கண்ணில் பட்டால் தன் தாய்க்கு வாசித்துக் காட்டட்டும். தங்கச்சி, டொக்டர் அம்மா யாரிடமும் வாய் தவறவில்லை. உன் எண்ணைக் குழாயில் எழுதியது நான். கேட்டபோது சொல்லாமல் நின்றதும் நான்தான்.